பதினைந்து நாள் கண் போஸ்டிங்கில் நான் கற்காமல் விட்டவை

எம்பிபிஎஸ் பாடங்களை முடித்துவிட்டுப் பயிற்சி டாக்டராக இருக்கும் ஹவுஸ் சர்ஜன் வருடத்தில் கண் வார்டுக்கு எங்களுக்குக் கிடைத்தது 15 நாள். அந்த நாள்களை எங்கள் பேட்சில் எல்லோரும் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கத்தான் வைத்திருந்தோம். காலையில் போய்க் கையெழுத்து, சொட்டு மருந்து விடும் வரிசையில் அரை மணி நேரம், அப்புறம் லைப்ரரி. யாரும் தடுக்கவில்லை. மூன்றாம் ஆண்டிலேயே எழுதி முடித்த பாடம்தானே, கண்ணுக்கென்று தனி டாக்டர் இருக்கிறாரே என்றுதான் நானும் நினைத்தேன்.

இப்போது டெல்டாவில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 11 வருடமாக மருத்துவ அலுவலராக இருக்கிறேன். கண் டாக்டர் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு இங்கிருந்து 2 பஸ் மாற வேண்டும். கண்ணில் பதர் விழுந்தாலும் சுண்ணாம்பு தெறித்தாலும் திடீரென்று பார்வை மங்கினாலும் முதலில் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். அந்தக் கண் பிழைக்குமா போகுமா என்பது பல நேரம் அந்த முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. கண் டாக்டர் பார்ப்பது அதற்குப் பிறகு. இதை எனக்கு யாராவது அந்த 15 நாளில் சொல்லியிருந்தால் லைப்ரரிக்குப் போயிருக்க மாட்டேன். அதனால்தான் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு பாட்டியைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடியும் நேரம், கேஷுவால்டியில் இரவு டூட்டி. 60 வயதைத் தாண்டியவர். மகன் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். "சாயந்திரத்துலேர்ந்து ஒரே வாந்தி டாக்டர். மண்டை பொளக்குதுங்குது." பாட்டி முந்தானையால் முகத்தின் இடப்பக்கத்தை மூடியிருந்தார். விலக்கிப் பார்த்தேன், கண் சிவந்திருந்தது. வாந்தி எடுத்து, அழுது, அதனால் சிவந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். வாந்திக்கு ஓர் ஊசி, அமிலத்துக்கு ஓர் ஊசி, தலைவலிக்கு ஓர் ஊசி. விடியற்காலையில் கொஞ்சம் தேவலை என்றார், அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் கண் ஓபி-யிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பாட்டி அங்கே உட்கார்ந்திருந்தார். இடது கண்ணில் டார்ச் வெளிச்சம் கூடத் தெரியவில்லை. கண் பிரிவு சீஃப் என்னைத் திட்டவில்லை. "பாட்டி, கீழே பாருங்க" என்று சொல்லிவிட்டு, மூடிய இமைக்கு மேல் என் இரண்டு ஆள்காட்டி விரலையும் வைக்கச் சொன்னார். ஒரு விரலால் அழுத்தி, மறு விரலில் அந்த அசைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடது கண் கோலிக்குண்டு மாதிரி இருந்தது. வலது கண் சாதாரணமாக அமுங்கியது. அப்புறம் வலது கண்ணுக்குப் பக்கவாட்டில், காதுப் பக்கமிருந்து, கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறத் திரையான ஐரிஸுக்கு இணையாக டார்ச் அடிக்கச் சொன்னார். ஐரிஸுக்கு முன்னால் நீர் நிற்கும் இடமான முன்னறை ஆழமாக இருந்தால் ஐரிஸ் முழுக்க வெளிச்சம் விழும். பாட்டிக்கு மூக்குப் பக்கத்துப் பாதி ஐரிஸ் நிழலில் கிடந்தது. அந்தக் கண்ணும் அடைக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணுக்குள் சுரக்கும் நீர், கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, ஐரிஸும், அதற்கு முன்னால் கண்ணாடி போல் இருக்கும் கருவிழியும் சேரும் கோணத்தின் வழியாக வடிகிறது. முன்னறை ஆழம் குறைந்தவர்களுக்கு, அதிலும் வயதான பெண்களுக்கு, லென்ஸ் தடித்துத் தடித்து ஐரிஸை முன்னே தள்ளும். ஒரு நாள் அந்தக் கோணம் மூடிக்கொள்ளும். 10-க்கும் 21-க்கும் நடுவில் இருக்க வேண்டிய அழுத்தம் 50, 60 என்று ஏறிவிடும். வலி மண்டைக்குப் போகும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். கண்மணி பாதி விரிந்து, டார்ச் அடித்தாலும் சுருங்காமல் நிற்கும். கேஷுவால்டியில் நான் டார்ச் எடுத்துக் கண்மணியைப் பார்க்க 10 வினாடி ஆகியிருக்கும். என் கோட் பாக்கெட்டில் டார்ச் இருந்தது.

வலது கண்ணில் அன்றைக்கே லேசரால் ஐரிஸில் சின்னத் துளை போட்டார்கள். நீர் போக மாற்று வழி கிடைத்துவிட்டால் அந்தக் கண் அடைக்காது. வெளியே வந்து பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கண்ணாவது நிக்குமா தாயி?" என்று கேட்டார். நான்தான் அன்று ராத்திரி பார்த்தவள் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. நானும் அப்போது சொல்லவில்லை. இன்றுவரை உறுத்துகிறது.

அதனால் தலைவலியும் வாந்தியுமாக யார் வந்தாலும் கண்ணைப் பாருங்கள். சிவந்த கண், மங்கிய பார்வை, அசையாத கண்மணி மூன்றும் சேர்ந்திருந்தால் கண் அழுத்த நோய் என்றே எடுத்துக்கொண்டு, மல்லாக்கப் படுக்க வையுங்கள். கண் அழுத்தத்தைக் குறைக்க, சல்ஃபா ஒவ்வாமை இல்லையென்றால் அசிட்டசோலமைடு 500 மில்லிகிராம் கொடுங்கள். ஆஸ்துமா இல்லையென்றால் டைமோலால் சொட்டு விடுங்கள். மானிட்டால் ஏற்றுவதாக இருந்தால் இதயமும் சிறுநீரகமும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே, ஆம்புலன்ஸில், போன் செய்து சொல்லிவிட்டு அனுப்புங்கள். "நாளைக்குக் கண் ஓபி-ல காட்டுங்க" என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குப் பார்க்க அங்கே பார்வை இருக்காது.

நான் இங்கே பொறுப்பேற்ற முதல் வாரம் செய்த வேலை, தாழ்வாரத்தில் 6 மீட்டர் அளந்து தரையில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டது. எதிர்ச் சுவரில் பார்வையை அளக்கும் ஸ்னெல்லன் அட்டை: ஒரு பக்கம் தமிழ் எழுத்து, பக்கத்தில் படிக்கத் தெரியாதவர்களுக்குத் திசை காட்டும் ஈ அட்டை. கண் என்று வாயைத் திறந்தால் முதலில் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும், ஒவ்வொரு கண்ணாக மூடி. நோயாளி கையால் மூடினால் விரல் இடுக்கில் பார்ப்பார்கள், அட்டையால் மூடச் சொல்லுங்கள். மேலே உள்ள பெரிய எழுத்தும் தெரியாவிட்டால் எத்தனை மீட்டரில் விரலை எண்ண முடிகிறது, அதுவும் இல்லையென்றால் கை அசைவது தெரிகிறதா, அதுவும் இல்லையென்றால் வெளிச்சம் தெரிகிறதா. எதுவானாலும் ஓபி சீட்டில் எழுதிவிட வேண்டும். பிறகு தகராறு வந்தாலும், மேலே அனுப்பினாலும், முதல் நாள் எழுதிய அந்த எண்தான் பேசும்.

மருந்து அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஊசியால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துளை போட்டு வைத்திருக்கிறேன். மங்கலாகத் தெரிகிறது என்பவரை அந்தத் துளை வழியாகப் பார்க்கச் சொன்னால், எழுத்து தெளிந்துவிட்டால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும். தெளியவில்லை என்றால் உள்ளே நோய் இருக்கலாம். இதைவிட மலிவான கருவி மருத்துவத்தில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, நோயாளியின் பேச்சு. நாம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் படித்துவிட்டு வருகிறோம். இங்கே "கண்ணுல பூ விழுந்திருக்கு" என்பார்கள், அது கருவிழித் தழும்பு. "சதை வளருது" என்றால் டெரிஜியம், வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் ஏறும் சதை. "கண்ணுக்கு முன்னால கொசு பறக்குது, ஓரத்துல மின்னல் வெட்டுது" என்று ஒருவர் சொன்னபோது நான் கண்ணாடிப் பரிசோதனைக்கு எழுதப் போனேன். எங்கள் கண் மருத்துவ உதவியாளர்தான் தடுத்தார். விழித்திரை கிழிந்து பிரிய ஆரம்பிக்கும்போது சொல்லும் வார்த்தைகள் அவை. "ஒரு பக்கம் திரை போட்ட மாதிரி இருக்கு" என்பதற்கு முன்பே அனுப்பிவிட்டால் பார்வை நிற்க வாய்ப்பு அதிகம். 20 வருடம் ஸ்கூல் ஸ்கூலாகப் போய்ப் பிள்ளைகள் கண்ணைப் பார்த்த அனுபவம் அவருக்கு. இந்தப் பணியில் இருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

டெல்டாவில் இருப்பதால் பதரைப் பற்றி நிறைய சொல்ல இருக்கிறது. தை மாதம் சம்பா அறுவடை ஆரம்பித்தால் எங்களுக்குக் கண் சீசன். நெல் தூற்றும்போதோ அறுவடை மெஷின் பின்னால் நிற்கும்போதோ தாள் நுனி கீறும், பதர் போய்க் குத்தும். கீறல் சின்னதுதான். அதன் வழியாகப் பூஞ்சை உள்ளே போவதுதான் ஆபத்து. மதுரை மாவட்டத்தில் 1990-களில் செய்த ஓர் ஆய்வு, வருடத்துக்கு 1 லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. தென்னிந்தியாவில் இந்தப் புண்களில் ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கான்டாக்ட் லென்ஸால் வரும் பாக்டீரியாப் புண்ணைப் புத்தகத்தில் படித்துவிட்டு இங்கே வந்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு விவசாயி, நாற்பதுகளில் இருப்பார், அடிபட்டு 6-ஆம் நாள் வந்தார். முதல் நாள் வீட்டில் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். இரண்டாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு சொட்டு மருந்து. "அதை விட்டதும் 2 நாள் நல்லா இருந்துச்சும்மா. செவப்பு கூட வாங்கிருச்சு. அப்புறம்தான் ஜாஸ்தியாச்சு." பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் அடக்கிவிடும். அதற்கு அடியில் பூஞ்சை தடையில்லாமல் வளரும்.

புண்ணைப் பச்சையாகக் காட்டும் சாயம் தோய்ந்த ஃப்ளோரசீன் பட்டையில் ஒரு சொட்டு சலைன் விட்டு, கீழ் இமையின் உள்பக்கம் தொட்டு, கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். அறையை இருட்டாக்கி நீல வெளிச்சம் அடித்ததும் கருவிழி நடுவில் பச்சையாக ஒரு திட்டு ஒளிர்ந்தது. வெள்ளை டார்ச்சில் பார்த்தால் சாம்பல் கலந்த வெள்ளைப் புண், காய்ந்த மாதிரி, ஓரம் இறகு பிரிந்ததுபோல. பக்கத்தில் 2 சின்னப் புள்ளிகள் தனியே. கண்ணுக்குள் அடியில் சீழ் ஒரு மெல்லிய கோடாகத் தங்கியிருந்தது. பாடப் புத்தகத்துப் படம் என் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அன்று மதியமே அனுப்பினோம். சுரண்டி எடுத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள், பூஞ்சை இழை தெரிந்தது. பூஞ்சைக்கான நாட்டமைசின் 5 சதவீத சொட்டு, ஆரம்பத்தில் மணிக்கு ஒரு தடவை. ராத்திரியும் அவர் மனைவி அலாரம் வைத்து எழுந்து விட்டார். 2 மாதம் ஆயிற்று. கருவிழியில் பூ நின்றுவிட்டது, பார்வை 6/36, அதாவது நல்ல கண் 36 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார். வயல் வேலைக்குப் போகிறார். ஸ்டீராய்டு விடாமல் 2-ஆம் நாள் வந்திருந்தால் அந்தப் பூ இவ்வளவு பெரிதாக இருந்திருக்காது.

ஆகவே ஸ்டீராய்டு சொட்டை எம்பிபிஎஸ் டாக்டர் தானாக எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிவந்த கண்ணுக்கு அது அவசியப்படும் நோய்கள் உண்டு, ஆனால் அதைக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் பார்த்தவர் எழுதட்டும். மாதக்கணக்கில் அரிப்புக்காக விட்டுக்கொண்டே இருந்து கண் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போன பள்ளிக்கூடப் பையனையும் பார்த்திருக்கிறேன். நோயாளி வரும்போது, விட்ட மருந்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதுவானாலும் கேளுங்கள், ஆனால் கத்தாதீர்கள். கத்தினால் அடுத்த தடவை மறைத்துவிடுவார்கள்.

மெட்ராஸ் ஐ பற்றி எல்லோருக்கும் தெரியும். 1918-ல் சென்னையில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் என்பார்கள். எழும்பூர் கண் மருத்துவமனை அதற்கும் நூறு வருடம் முன்னால், 1819-ல் தொடங்கியது. சீசன் நேரத்தில் சிவந்து வரும் எல்லாக் கண்ணையும் மெட்ராஸ் ஐ என்று எழுதித் தள்ளும் பழக்கம்தான் பிரச்சினை. மெட்ராஸ் ஐயில் உறுத்தும், நீர் வடியும், காலையில் இமை ஒட்டும். ஆனால் பொதுவாகப் பார்வை குறையாது, கண்மணி சரியாக இருக்கும், கருவிழி பளபளப்பாக இருக்கும். ஒரு கண் மட்டும், வலி, வெளிச்சம் பார்க்க முடியவில்லை, பார்வை குறைந்திருக்கிறது, சிவப்பு கருவிழியைச் சுற்றி வளையமாக இருக்கிறது என்றால் அது வேறு. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அனுப்புங்கள்.

சர்க்கரை நோய்க்கு வருகிறேன். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே போகிறது. நல்ல திட்டம், எத்தனையோ பேர் மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுகிறார்கள். ஆனால் விழித்திரையை வீட்டு வாசலில் பார்க்க முடியாது. சர்க்கரையால் விழித்திரை கெடும்போது வலிக்காது, சிவக்காது, கடைசிவரை நன்றாகத்தான் தெரியும். உள்ளே ரத்தம் கசிந்து ஒரு நாள் காலையில் இருட்டும்போதுதான் ஓடி வருவார்கள். வகை 2 என்றால் நோய் தெரிந்த அன்றிலிருந்தே வருடத்துக்கு ஒரு தடவை கண்மணியை விரிய வைத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ள பெண் கருத்தரித்தால் முதல் 3 மாதத்துக்குள். நான் சர்க்கரை நோயாளியின் நோட்டில் முதல் பக்கத்திலேயே "கண் பார்த்த தேதி" என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கட்டம் காலியாக இருந்தால் என் கண்ணை உறுத்துகிறது, அதனால் கேட்கிறேன்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு நம்பிக்கையோடு நாள்தோறும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மாறுகண் அதிர்ஷ்டம் என்பார்கள். ஒரு மாமியார் என்னிடம், "எங்க வீட்டுக்கு லட்சுமி வந்திருக்கா, நீ கண்ணாடி மாட்டி விரட்டாதே" என்றார். அவர் பேத்திக்கு அப்போது 4 வயது. விலகிய கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை ஒதுக்கிவிடும், 7, 8 வயதுக்குள் சரிசெய்யாவிட்டால் பிறகு மீட்பது மிகவும் கடினம். இதை அவருக்கு விளக்க 3 தடவை வீட்டுக்குப் போனேன். மாறுகண்ணுக்குப் பின்னால் புற்றுநோயும் ஒளிந்திருக்கலாம். கண்மணி வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி மின்னினால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற அந்தப் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும்வரை உட்காரக் கூடாது, அதில் உயிரே அடங்கியிருக்கிறது. தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு குழந்தையையும் அறையை இருட்டாக்கி ஒரு கை தூரத்திலிருந்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கும் ஆப்தால்மோஸ்கோப்பில் பாருங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி சிவப்பு ஒளி திரும்ப வர வேண்டும். 2 கிலோவுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்னதாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆக வேண்டும், டிஸ்சார்ஜ் சீட்டில் அது இருக்கிறதா என்று தேடுங்கள். மிகவும் குறை மாதமென்றால் இன்னும் முன்னதாகவே.

கண்ணைப் பார்த்து உயிரைக் காப்பாற்றிய அனுபவமும் உண்டு. விடியற்காலை, வயிற்றுவலி என்று ஓர் இளைஞர். தரையில் பாய் போட்டுத் தூங்கியவர். உடம்பில் கடி எதுவும் தெரியவில்லை. "ஏன் தூக்கக் கலக்கமா இருக்கீங்க?" என்று கேட்டேன். "இல்லம்மா, நல்லா முழிச்சுத்தான் இருக்கேன், இமையைத் தூக்க முடியலை" என்றார். கட்டுவிரியன். இரண்டு இமையும் தொங்குவதுதான் விஷம் நரம்பில் ஏறுவதற்கு முதல் அடையாளம், மூச்சுத் தசை அதற்கப்புறம். விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்து, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையோடு நானே கூடப் போனேன்.

போன வருடம் எங்களுக்குக் கிராமப்புற போஸ்டிங்கில் ஒரு ஹவுஸ் சர்ஜன் வந்திருந்தார். ஒரு மதியம் 5 வயதுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாட்டி அலறியடித்து வந்தார். வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடியிருக்கிறாள், வெடித்துக் கண்ணில் அடித்துவிட்டது. பார்வையை முதலில் எழுது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றுதான் விதிவிலக்கு. முதலில் கழுவ வேண்டும். சீட்டு போடுவதற்கும் முன்னால், போன் செய்வதற்கும் முன்னால். அமிலம் மேலேயே ஓரளவு நின்றுவிடும், காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும்.

மரத்துப்போகும் சொட்டு விட்டோம். அந்த ஹவுஸ் சர்ஜன் சலைன் பாட்டிலில் ஐ.வி. செட்டை மாட்டி, குழாயை மூக்கோரத்தில் பிடித்து மெதுவாக ஓட விட்டார். பாட்டி மடியில் குழந்தையைப் போர்வையால் சுற்றிப் பிடித்திருந்தார். நான் மேலிமையைப் புரட்டினேன், அடியில் சுண்ணாம்புத் துகள் சோறு பருக்கை மாதிரி ஒட்டியிருந்தது. ஈரப் பஞ்சு முனையால் ஒவ்வொன்றாக எடுத்தோம். அது உள்ளே இருந்தால் எவ்வளவு கழுவினாலும் புதிதாகக் காரம் வந்துகொண்டேயிருக்கும். அரை மணி ஆனதும், "போதுமா மேடம்?" என்றார் ஹவுஸ் சர்ஜன். சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையில் காரத்தன்மை காட்டும் கட்டத்தை மட்டும் இமைக்குள் தொட்டுப் பார்த்தோம். இன்னும் நீலம். இன்னொரு பாட்டில். அவர் கை நடுங்கியது, ஆனால் குழாயை விடவில்லை. 50 நிமிடம் கழித்துக் கட்டம் சாதாரண நிறத்துக்கு வந்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்றினோம்.

10 நாள் கழித்துக் குழந்தையைக் காட்ட வந்தார்கள். அந்த ஹவுஸ் சர்ஜனே கூட்டிக்கொண்டு போய்ப் பெயின்ட் கோட்டில் நிற்க வைத்து, நல்ல கண்ணை அட்டையால் மூடினார். ஈ எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்டச் சொன்னார். மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கடைசி வரிக்கு முந்தைய வரியில் கொஞ்சம் யோசித்து இடது பக்கம் காட்டினாள். சரியாக இருந்தது. 6/9 என்று சீட்டில் எழுதிவிட்டு, அட்டையை மறு கண்ணுக்கு மாற்றினார்.